எடிட் பண்ணாத படம் ஏதுங்க?

படத்தைப் போட்டுவிட்டு கீழே "கேமராவிலிருந்து அப்படியே, நோ எடிட்டிங்" என்று ஒரு வரி சேர்ப்பது நம்ம மக்களில் பலருக்கு வழக்கம். சுத்தமான பசு நெய் என்று கடைவாசலில் போர்டு வைப்பது மாதிரி. இவர்களுக்கு நேர் எதிரே இன்னொரு கோஷ்டி உண்டு. நல்ல படம் ஒன்றைப் பார்த்தால் போதும், "போட்டோஷாப்பா?" என்று ஒத்தை வார்த்தையில் ஆளைக் கவிழ்த்து விடுவார்கள். ரெண்டு கோஷ்டிக்கும் அடியில் இருக்கிற நம்பிக்கை ஒன்றேதான். கேமரா சொல்வது உண்மை, அதற்கப்புறம் கை வைத்தால் பொய்.

பழைய கதைகளைப் புரட்டினால் இந்த நம்பிக்கைக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. எல்லாப் படமும் யாரோ ஒருத்தர் எடிட் பண்ணினதுதான். அந்த ஒருத்தர் யார் என்பதில்தான் மேட்டரே இருக்கிறது. நீங்களா, லேப்காரரா, எங்கேயோ உட்கார்ந்து கேமராவுக்கு மென்பொருள் எழுதின என்ஜினியரா? எந்தப் பொட்டி வாங்கலாம், எந்த மென்பொருள் கத்துக்கலாம் என்று குழம்பும்போது கூட இந்தக் கேள்வி ரொம்ப உதவும். அதனால் கொஞ்சம் பழங்கதை, நடுநடுவே கொஞ்சம் யோசனை.

1850களிலிருந்து ஆரம்பிக்கலாம். அப்போதைய கண்ணாடி நெகட்டிவ் ரசாயனத்துக்கு ஒரு வியாதி, நீல வெளிச்சத்தை மட்டும் அளவுக்கு மீறி உறிஞ்சும். கடலுக்குச் சரியாக எக்ஸ்போஷர் வைத்தால் வானம் வெள்ளைக் காகிதமாகிவிடும், வானத்துக்கு வைத்தால் கடல் கருப்பு. பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ், இரண்டையும் அடிவானக் கோட்டில் சேர்த்து ஒரே பிரிண்ட். 1857 வாக்கில் அவர் செத் துறைமுகத்தில் எடுத்த அலைப் படங்கள் இன்றைக்கும் மியூசியங்களில் தொங்குகின்றன. அவர் மட்டுமில்லை, அந்தக் காலத்தில் பலரும் நல்ல மேகங்களைத் தனியாக எடுத்து நெகட்டிவாகச் சேமித்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். 2020-ல் போட்டோஷாப்பில் "வானத்தை மாற்று" என்று ஒரு வசதி வந்தபோது உலகமே அழிந்துவிட்டதாகப் புலம்பினவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். சமாச்சாரம் அப்போதே நூற்றி அறுபது வருஷப் பழசு :-)

1858-ல் இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் ஒரு படி மேலே போனார். காசநோயில் சாகக் கிடக்கும் ஒரு பெண், சுற்றிலும் குடும்பம், ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கும் ஆண். ஐந்து நெகட்டிவை ஒட்டிச் செய்த படம். சாவை இப்படிப் படமெடுக்கலாமா என்று ஒரு பெரிய சண்டையே நடந்தது. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் அதில் ஒரு பிரதி வாங்கினார்.

நம்ம ஊர் ஸ்டூடியோக்களும் லேசுப்பட்டவை அல்ல. "டச்சிங்" என்று ஒரு தனித் தொழிலே இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நெகட்டிவை வெளிச்சப் பெட்டி மேல் வைத்து, ஊசி மாதிரி சீவின பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே குழியையும் நிரப்புவார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். உங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் தாத்தா முகம் அவ்வளவு வழவழப்பாக இருப்பதற்குக் காரணம் தாத்தா மட்டும் இல்லை. அந்த ஆட்களிடம் நாம் கற்க வேண்டியது கையை அடக்குவதை. பென்சில் அதிகமானால் மாவு பூசின மாதிரி ஆகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு தோலை வழுவழுப்பாக்கும் ஸ்லைடரைக் கடைசி வரை இழுக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

எடிட்டிங் என்றால் ஏமாற்று என்று நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆன்சல் ஆடம்ஸ் கதை. அமெரிக்க மலைகளையும் காடுகளையும் கருப்பு வெள்ளையில் எடுத்தவர். 1941 இலையுதிர் காலம், நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற குக்கிராமத்தின் வழியாகக் காரில் போகிறார். கீழே கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில், மேலே நிலா. காரை ஓரங்கட்டி, எட்டுக்குப் பத்து அங்குல நெகட்டிவ் போடும் பெரிய கேமராவை அவசர அவசரமாக மாட்டுகிறார். வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் காணோம்! நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம், அதை வைத்து மனக்கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவை மேலிருந்து வெயில் போய்விட்டது.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்கிற கதை. எனக்குப் பிடித்தது இதற்கப்புறம் வருவதுதான். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து அவர் வாழ்நாளில் ஆயிரத்து முந்நூறு பிரிண்டுக்கு மேல் போட்டிருக்கிறார் என்று கணக்கு. ஆரம்ப காலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறம், மெல்லிய மேகங்கள்கூடத் தெரியும். பிற்காலத்துப் பிரிண்டுகளில் வானம் கிட்டத்தட்டக் கன்னங்கரேல். 1948-ல் நெகட்டிவின் அடிப்பகுதியை மட்டும் மறுபடி ரசாயனத்தில் முக்கி வலுவேற்றினார். நெகட்டிவ் என்பது ஸ்வரம் எழுதின காகிதம், பிரிண்ட் என்பது கச்சேரி என்கிற மாதிரி அவர் சொல்வது உண்டு. ஒரே கீர்த்தனையை நாற்பது வருஷம் பாடினால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரியா இருக்கும்?

அவர் இருட்டறையில் செய்தது ரொம்ப எளிமையான வேலை. பிரிண்ட் பேப்பர் மேல் வெளிச்சம் விழும்போது, குச்சி நுனியில் ஒட்டின அட்டை வட்டத்தை நடுவில் ஆட்டினால் அந்த இடத்தில் வெளிச்சம் குறைந்து படம் வெளுப்பாக வரும். இது "டாட்ஜ்". கையைக் குவித்து நடுவில் ஓட்டை விட்டு, ஒரு இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டினால் அந்த இடம் கருக்கும். இது "பர்ன்". போட்டோஷாப்பில் அந்த இரண்டு கருவிகளின் சின்னத்தைப் பாருங்கள். ஒன்று குச்சியில் மாட்டின வட்டம், இன்னொன்று குவித்த கை. லாலிபாப் என்றும் குத்துவிடும் கை என்றும் அதை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இதிலிருந்து ஒரு யோசனை. படம் மொத்தத்துக்கும் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்று இழுப்பதைக் குறையுங்கள். முகத்தை அரை ஸ்டாப் ஏற்றி, ஓரத்தில் கண்ணை இழுக்கும் வெள்ளைச் சுவரை அரை ஸ்டாப் இறக்கினால் போதும், பல படங்கள் அப்படியே எழுந்து உட்காரும். நூறு வருஷமாக இருட்டறையில் பாதி வேலை இதுதான்.

"அன்ஷார்ப் மாஸ்க்" என்று ஒரு கருவி இருக்கிறதே, கூர்மையாக்கும் கருவிக்கு ஏன் கூர்மையில்லாத என்று பெயர்? அதுவும் இருட்டறைச் சரக்கு. மூல நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக ஒரு பாசிட்டிவ் பிரதி எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிரிண்ட் போடுவார்கள். மங்கல் பிரதி பெரிய வெளிச்ச வித்தியாசங்களை அமுக்கிவிடும், ஓரங்கள் மட்டும் தூக்கலாகத் தெரியும். பிரதியை மங்கலாக்க நடுவில் ஒரு கண்ணாடித் தகடு வைப்பார்கள். தகடு தடிமனாக இருந்தால் மங்கல் அகலமாகும். இன்றைக்கு "ரேடியஸ்" என்று இருப்பது அந்தத் தகட்டின் வேலையைத்தான் செய்கிறது. இணையத்தில் போடச் சின்னதாக்கின படத்துக்கு ரேடியஸ் அரையிலிருந்து ஒரு பிக்சல் வரை வைத்தால் தாராளம். மூன்று, நான்கு என்று போனால் கட்டடங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு, சாமி படத்துக்குப் பின்னால் ஒளிவட்டம் மாதிரி. முக்கியமாக, முதலில் படத்தைச் சின்னதாக்குங்கள், கடைசியில் கூர்மையாக்குங்கள்.

சரி, இதெல்லாம் கலைஞர்கள் வேலை, சாதாரண ஜனங்கள் எடிட் பண்ணவில்லையே என்று கேட்கலாம். அவர்களுக்காக வேறொருத்தர் பண்ணினார்.

1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் கேமராவை 25 டாலருக்கு விற்றபோது உள்ளேயே நூறு படத்துக்கான சுருள் இருந்தது. எடுத்து முடித்தால் கேமராவையே பார்சல் கட்டி ராச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலருக்குக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருளோடு திரும்பி வரும். பட்டனை நீங்க அமுக்குங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம் என்பதுதான் விளம்பரமே. அந்த "மத்தது" என்பதில்தான் படத்தின் வெளுப்பு, கறுப்பு, நிறம் எல்லாம் முடிவாகும்.

கலர் வந்ததும் இது இன்னும் பெரிதானது. 1990-ல் வந்த ஃபியூஜியின் வெல்வியா பிலிமை மாட்டினால் பச்சையெல்லாம் பச்சைக்கிளி, சிவப்பெல்லாம் குங்குமம். இயற்கைக் காட்சி எடுக்கிறவர்கள் அதன்மேல் பைத்தியமாக இருந்தார்கள். இன்றைக்கு சாச்சுரேஷன் ஸ்லைடரை இழுப்பதைத்தான் அன்றைக்கு பிலிம் டப்பாவைத் தேர்ந்தெடுத்துச் செய்தார்கள். அதை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை.

இப்போது சொல்லப்போவதுதான் நம்மை நேரடியாகத் தொடும் விஷயம். லேபில் கலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மாதிரிப் படம் வேண்டுமே. 1950களிலிருந்து கோடக் லேப்களுக்கு ஒரு பெண்ணின் படத்தை அனுப்பியது. கோடக்கில் வேலை பார்த்த ஷர்லி என்பவர்தான் முதல் மாடல் என்பதால் அதற்கு "ஷர்லி கார்டு" என்றே பெயர் நிலைத்தது. பின்னால் பெண்கள் மாறினார்கள், பெயர் மாறவில்லை, தோல் நிறமும் ரொம்ப காலத்துக்கு மாறவில்லை. வெள்ளைத் தோல். ஷர்லி முகம் சரியாக வந்தால் மிஷின் சரி. பிலிமையும் அந்தத் தோலை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். கறுப்பு, மாநிறத் தோலில் இருக்கிற நுணுக்கமான சாயல்கள் எல்லாம் ஒரே கரியாகிவிடும். வெள்ளை முகமும் கறுப்பு முகமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கறுப்பு முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும்.

இதைக் கோடக் சரிசெய்ய ஆரம்பித்தது யாருக்காகத் தெரியுமா? கறுப்பு மக்கள் கேட்டதற்காக அல்ல. சாக்லேட் கம்பெனிகளும் மர சாமான் கம்பெனிகளும் புகார் செய்தனவாம். விளம்பரப் படத்தில் பால் சாக்லேட்டுக்கும் கருப்பு சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, தேக்குக்கும் வேறு மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று. பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டும் பிலிம் பின்னால் வந்தது. பல நிறத்து ஆட்கள் சேர்ந்து நிற்கும் கார்டு 1990களில்தான் வந்தது. நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் மாமா, சித்தப்பா எல்லாம் ஏன் அப்படி வந்தார்கள் என்பதற்கு வெயில், பிளாஷ், மீட்டர் என்று பல காரணம் உண்டு. ஆனால் ராச்செஸ்டரில் யார் முகத்தை அளவுகோலாக வைத்தார்கள் என்பதும் அதில் ஒன்று.

கொசுறு: ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று மத்திய அரசு நிறுவனம் ஒன்று இருந்தது. 1960-ல் தொடங்கியது. "இந்து" என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிம், பேப்பர் எல்லாம் வந்துகொண்டிருந்தது. அதன் கதைக்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும்.

டிஜிட்டல் வந்ததும் லேப்காரர் வெளியே போனார். அவர் வேலையைக் கேமராவுக்குள் ஒரு சிப் எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் மாற்றம்.

முதல் டிஜிட்டல் கேமராவும் கோடக்கில்தான். 1975 டிசம்பரில் ஸ்டீவ் சாசன் என்ற இளைஞர் சூப்பர் எய்ட் சினிமா கேமராவின் லென்ஸ், ஒரு சிசிடி சிப், கேசட் டேப் ஆகியவற்றைக் கோர்த்து ஒரு பொட்டி செய்தார். எடை மூன்றரை கிலோவுக்கு மேல். நூற்றுக்கு நூறு, ஆக 10,000 புள்ளிகள், கருப்பு வெள்ளை. ஒரு படம் டேப்பில் ஏற 23 விநாடி. டிவியில்தான் பார்க்க முடியும். மேலிடத்தில் பெரிதாக யாரும் அசையவில்லை. கோடக் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்ததை இந்தக் கதையோடு முடிச்சுப் போடுவது எல்லாருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. எனக்கு அதைவிட அதே கோடக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் கதைதான் முக்கியம்.

சென்சாருக்கு நிறம் தெரியாது. வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும்தான் எண்ணும். பேயர் என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே ஒரு கலர் கண்ணாடி, நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று கட்டம் போட்டார். நம் கண் வெளிச்ச நுணுக்கத்தைப் பச்சையில்தான் அதிகம் பிடிக்கும் என்பதால் பச்சைக்கு இரண்டு. 1976-ல் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போன் முதல் லட்ச ரூபாய்க் கேமரா வரை பெரும்பாலானவற்றில் இதே கட்டம்தான்.

இதன் அர்த்தம் என்ன? ஒவ்வொரு புள்ளியிலும் மூன்றில் ஒரு நிறம்தான் நிஜமாக அளக்கப்படுகிறது. மற்ற இரண்டும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்பினது. "அப்படியே வந்த" படத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிறம் ஊகம்! அதற்கப்புறம் கேமரா ஒயிட் பேலன்ஸ் வைக்கிறது, புள்ளிக்கசடை வழிக்கிறது, கான்ட்ராஸ்ட் ஏற்றுகிறது, கூர்மையாக்குகிறது, கடைசியில் ஜேபெக்காகச் சுருக்கி மிச்சத்தைத் தூக்கிப் போடுகிறது. நோ எடிட்டிங் என்று எழுதுகிறவர் உண்மையில் சொல்வது "எடிட்டிங்கை வேறொருத்தருக்கு விட்டுவிட்டேன்" என்பதுதான்.

ஜேபெக் 1992-ல் வந்த தரம். அதன் இதயத்தில் இருக்கும் கணக்கைப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், ராவ் என்ற இருவரோடு சேர்ந்து 1974-ல் எழுதினார். இந்த ஆராய்ச்சிக்காக முன்பு அமெரிக்க அரசின் அறிவியல் நிதியமைப்பிடம் பணம் கேட்டு, அவருக்குக் கிடைக்கவில்லை. படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டி, கண் கவனிக்காத நுணுக்கங்களை உதறிவிடும் வித்தை. பார்க்கிறதுக்கு அருமையான வடிவம், வேலை செய்வதற்கு மோசமான வடிவம். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உதிரும். ரா கோப்பில் 12 பிட் என்றால் 4,096 படி, 14 பிட் என்றால் 16,384. வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும் ஒரே படத்தில் இருக்கும்போது இந்தப் படிகள்தான் காப்பாற்றும். ரா என்பதை நெகட்டிவ் என்று நினைத்துக்கொண்டால் போதும், பாதி விளக்கம் தேவையில்லை.

போட்டோஷாப் கதை எல்லாருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும். 1987-ல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் நால், கருப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறங்களைக் காட்ட எழுதின நிரல் அது. ஸ்டார் வார்ஸ் கோஷ்டியின் கம்பெனியில் இருந்த அவர் தம்பி ஜானுக்கு அது பிடித்துப்போக, 1990 பிப்ரவரியில் அடோபி வெளியிட்டது. தீவுக் கடற்கரையில் தன் காதலி உட்கார்ந்திருக்கும் படத்தை வைத்துத்தான் ஜான் எல்லாருக்கும் செய்து காட்டினார். லேயர் வசதி 1994-ல்தான் வந்தது. அதுவரைக்கும் எப்படித்தான் வேலை செய்தார்களோ!

அதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு ஆள் டேவ் காஃபின். கேமரா கம்பெனிகள் ரா வடிவத்தை ரகசியமாக வைத்திருந்தன. இவர் 1997-லிருந்து ஒவ்வொரு கேமராவின் கோப்பையும் தானே ஆராய்ந்து உடைத்து, டிசிரா என்ற இலவச நிரலை வருஷக்கணக்காக வளர்த்தார். 2005-ல் நிக்கான் ஒரு கேமராவில் ஒயிட் பேலன்ஸ் தகவலைப் பூட்டி வைத்திருப்பது தெரிந்து பெரிய சண்டை. பூட்டுக்கு எதிராகப் பேசினவர்களில் தாமஸ் நாலும் ஒருவர். நாம எடுத்த நெகட்டிவுக்குக் கடைக்காரன் சாவி வைத்திருந்தால் எப்படி? இன்றைக்கு டார்க்டேபிள், ராதெரபி என்று காசில்லாமல் ரா கோப்பைத் திறக்க முடிவதில் காஃபினுக்குப் பெரிய பங்குண்டு. பர்க்லியில் இரண்டு மாணவர்கள் 1995-ல் ஆரம்பித்த கிம்ப், 2025 மார்ச்சில் மூன்றாம் பதிப்பை எட்டியது. மூலத்தைக் கெடுக்காமல் திருத்தும் வசதி அதில் வந்துவிட்டது. அடோபி 2013-லிருந்து மாதச் சந்தா பக்கம் திரும்பிவிட்டது. நாமெல்லாம் உபயோகித்த பிக்காசாவை 2016-ல் கூகுள் இழுத்து மூடியது. பொழுதுபோக்குக்குப் படமெடுக்கிறவர்கள் சந்தா கட்டும் முன் டார்க்டேபிளை ஒரு மாதம் உட்கார்ந்து பழகிப் பாருங்கள். முதல் வாரம் திட்டுவீர்கள்.

அப்படியானால் எல்லாமே ஓகேவா, கோடு எங்கே என்று கேட்டால், அதற்கும் பழைய வழக்குகள் இருக்கின்றன. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராபிக் அட்டைக்குப் படம் செங்குத்தாகப் பொருந்த வேண்டும் என்று கீசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தார்கள். மானம் போனது. 2010-ல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் பரிசு வாங்கின ஒரு படத்தைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அந்த புகைப்படக்காரர் கலர் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, பெரும்பகுதியை வெட்டி எறிந்து, ஓரங்களை இருட்டாக்கியிருந்தார். அதெல்லாம் தப்பில்லை என்றார்கள். விரல்களுக்கு நடுவே எட்டிப் பார்த்த யாரோ ஒருத்தரின் கால் நுனியை அழித்திருந்தார், அதுதான் தப்பு! சிரிப்பு வந்தாலும் எனக்கு இந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. வெளிச்சத்தை மாற்றலாம், அங்கே இருந்ததை இல்லை என்று சொல்லக் கூடாது. செய்தி என்று போடும் படத்துக்கு அது விதி. உங்கள் வீட்டு மாடியில் எடுத்த ரோஜாவுக்குப் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் பக்கெட்டை அழிப்பது உங்கள் இஷ்டம்.

ராய்ட்டர்ஸ் 2015-ல் வெளியாட்களிடம் கேமராவில் எடுத்த ஜேபெக்கையே அனுப்புங்கள், ராவிலிருந்து தயாரித்தது வேண்டாம் என்றது. வேகம் ஒரு காரணம், நம்பகம் இன்னொன்று. இதிலும் எடிட்டர் இல்லாமல் போகவில்லை, கேமரா கம்பெனியே எடிட்டர். அந்த எடிட்டர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2023 மார்ச்சில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒருத்தர் வேண்டுமென்றே மங்கலாக்கின நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, சாம்சங் போனில் கிளிக் செய்து காட்டினார். திரையில் இல்லாத பள்ளமெல்லாம் போன் படத்தில் தெளிவாக இருந்தன. நிலா என்று அடையாளம் கண்டால் நுணுக்கத்தைக் கூட்டும் வசதி இருப்பதைக் கம்பெனியும் விளக்கியது. மீட்டர் இல்லாமல் நிலாவின் வெளிச்சத்தை மனப்பாடமாக வைத்திருந்த ஆடம்ஸ் எங்கே, நிலாவையே மனப்பாடம் பண்ணின போன் எங்கே!

சரி, காசு எதில் போடலாம்? சென்சார் அளவு விஷயத்தில் குழம்புகிறவர்கள் அதிகம். ஃபுல் ஃப்ரேம் என்கிற 24க்கு 36 மில்லிமீட்டர், ஆஸ்கர் பார்னக் சினிமா பிலிமின் இரண்டு கட்டத்தைச் சேர்த்து 1925-ல் லைக்காவில் கொண்டுவந்த அளவு. வேதத்தில் எழுதின அளவு ஒன்றுமில்லை. ஏபிஎஸ்-சி என்பது 1996-ல் வந்து சீக்கிரமே செத்துப்போன ஒரு பிலிம் வடிவத்தின் பெயர். பொதுவாக இதைவிட ஃபுல் ஃப்ரேம் பரப்பில் இரண்டேகால் மடங்கு பெரிது. அதாவது ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலே லாபம். இதற்கு ஆகிற செலவை யோசியுங்கள். பழைய கேமராவிலேயே கூட வந்த 18-55 லென்ஸை 55-ல் வைத்தால் எஃப் 5.6. அதற்குப் பதில் விலை குறைந்த 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். மூன்று ஸ்டாப்புக்கு மேலே. அதனால் முதல் காசு லென்ஸுக்கு. மெகாபிக்சலும் அப்படித்தான். 6 மெகாபிக்சலே பத்து அங்குல அகலப் பிரிண்டுக்குப் போதும், 24 இருந்தால் இருபது அங்குலம். எத்தனை பேர் அவ்வளவு பெரிசாகப் பிரிண்ட் போடுகிறோம்? கண்ணாடி வைத்த பழைய எஸ்எல்ஆர் பொட்டிகள் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கின்றன. ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று பாருங்கள், லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சை இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கடலோர ஊர்க்காரர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

ஷர்லி கார்டு போய்விட்டாலும் அவர் ஆவி மீட்டருக்குள் கொஞ்சம் இருக்கிறது. கேமரா எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி முன்னால் நம்ம ஆள் நின்றால் கேமரா பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்து முகத்தைக் கரியாக்கும். முக்காலோ ஒன்றோ ஸ்டாப் கூட்டுங்கள். கருப்புப் பின்னணி என்றால் தலைகீழ், முகம் வெளுத்துப்போகும், குறையுங்கள். ஸ்பாட் மீட்டரில் கறுத்த முகத்தை நேராக அளந்தால் அதையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், அங்கே ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டியிருக்கும். எடிட் பண்ணும்போது முகத்தை வெளுக்கவைக்கும் ஸ்லைடர் பக்கமே போகாதீர்கள். கறுத்த தோலின் அழகு அதில் விழும் பளபளப்பில்தான் இருக்கிறது, நிழலை மட்டும் லேசாகத் திறந்துவிட்டு அந்தப் பளபளப்பை அப்படியே விடுங்கள். 2021-ல் கூகுள் தன் பிக்சல் போனில் எல்லாத் தோல் நிறத்துக்கும் சரியாக வரும்படி செய்திருப்பதாக ஒரு வசதியைக் கொண்டுவந்தது. ஷர்லிக்கு அப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல். ஆனால் "பியூட்டி" மோடு இருக்கிற போன்கள் நிறைய உண்டு, வாங்கின அன்றைக்கே அதை அணைத்து வைப்பது நல்லது.

பி.கு.: 1937-ல் யோசெமிட்டியில் ஆடம்ஸின் இருட்டறை தீப்பிடித்து ஆயிரக்கணக்கான நெகட்டிவ்கள் போயின. ரா கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.